பத்திரத்தின் விலையும் வீட்டின் விலையும்

வீட்டை விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் மட்டுமே அதன் விலை தெரிந்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கடனுக்கு ஈடு காட்டும்போதும், உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொள்ளும்போதும் வீட்டின் இன்றைய மதிப்பை அறிந்தே ஆகவேண்டும். இதை அறியாமையால் ஒரு குடும்பம் பிளவுபடும் நிலைக்கு வந்து, பின்னர்த் தெளிவு பெற்றதைக் கண்டோம். அதனை உறுப்பினர்கள் முன் வைப்பது பயனுடையதாகும்.

கருமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற திருவேற்காட்டில், 2025-இல், நெசவுத் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் நம்மை அணுகினார். தந்தையார் தமது உழைப்பால் வாங்கிய வீடு. அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. பெற்றோர் இருவரும் மறைந்தனர், உயில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் அவருடைய தமக்கைக்கும் சமபங்கு. வீட்டைத் தாமே வைத்துக்கொண்டு, தமக்கைக்குப் பணம் தந்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ள விரும்பினார். அண்டை வீடு 2018-இல் 28 இலட்சத்துக்கு விற்றதாகப் பத்திரம் காட்டிற்று. "பத்திரத்தில் உள்ளதுதானே ஐயா விலை? அக்காவுக்கு 14 இலட்சம் தருகிறேன்" என்றார். தமக்கையின் மகனோ, "அந்த வீடு பத்தாண்டில் இருமடங்கு ஆயிற்று, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. இன்று 76 இலட்சத்துக்கு மேல் பெறும்" என்று வாதித்தார். இருவர் பேச்சிலும் வஞ்சகம் இல்லை. இருவர் கணக்கிலும் பிழை இருந்தது.

முதற்பிழை, பத்திரத்தில் எழுதிய தொகையை விலை என்று கொண்டது. நம் மாநிலத்தில் பலர் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் எழுதிவிடுகின்றனர். அம்மதிப்போ அரசாணையால் மாறுவது. 2017 ஜூன் 9 முதல் அது மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 33 குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய அளவுக்கே உயர்த்தப்பட்டது. ஆகவே 2018-இல் எழுதிய பத்திரத்தையும் 2023-இல் எழுதிய பத்திரத்தையும் ஒப்பிட்டால், மனையின் விலை அசையாதிருந்தாலும் பாதியளவு ஏறினாற்போலத் தோன்றும். ஏறியது ஆணையின் எண்ணேயன்றி மனையின் விலையன்று.

உண்மை விலையை எங்கே காண்பது? வில்லங்கச் சான்றில் அதற்கு ஒரு வழி உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே அதனைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். அண்டை வீட்டின் சான்றில், கிரயப் பதிவை அடுத்து, வங்கிக்கு உரிமை ஆவணங்கள் ஒப்படைத்த பதிவும் இருந்தது. கடன் தொகை 36 இலட்சம்! இருபத்தெட்டு இலட்ச ரூபாய் வீட்டுக்கு முப்பத்தாறு இலட்சம் எந்த வங்கி தரும்? ரிசர்வ் வங்கியின் அந்நாளைய விதிப்படி, 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக் கடன், மதிப்பில் நூற்றுக்கு 80-ஐத் தாண்டலாகாது. 36-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 45 வரும். வங்கி அவ்வீட்டை 45 இலட்சத்துக்குக் குறையாமல் மதித்திருக்க வேண்டும் என்பது தெளிவு. கட்டடம் எழுப்பவும் சேர்த்து வாங்கிய கடனாயின் இக்கணக்குப் பொருந்தாது. இங்கு அவ்வாறில்லை என்று விசாரித்து அறிந்தோம்.

இரண்டாம் பிழை மருமகனுடையது. அதே வீடு 2008-இல் இருபத்திரண்டரை இலட்சத்துக்குக் கைமாறியதை அன்று விற்ற முதியவரே கூறினார். பத்தாண்டில் இருமடங்கு என்பது மெய்யே. ஆனால் விலை, வட்டிக்கு வட்டி போல ஏறுவது. 72-ஐ ஆண்டுகளின் எண்ணால் வகுத்தால் இருமடங்காவதற்கான வீதம் ஏறக்குறையக் கிடைக்கும். பத்தாண்டுக்கு 7.2, பத்து அன்று. இந்த வீதத்தையும் 2018-க்குப் பின் ஏழாண்டுகளுக்கு அப்படியே நீட்டினால் 73 இலட்சம் வரும். அதுவும் தவறு. ஒரு காலத்தில் விலை ஏறிய வேகம் அடுத்த காலத்துக்கும் உரியதென்று எவரும் உறுதி கூறவியலாது.

ஒரே வீட்டின் இரு விற்பனைகளை இணைத்துப் பார்க்கும் இம்முறையை 1963-இல் அமெரிக்க அறிஞர்களான பெய்லி, மூத், நோர்ஸ் ஆகியோர் வகுத்தனர். 1980-களில் கேஸ், ஷில்லர் என்பவர்கள் வளர்த்தனர். ஒரு வீட்டை மட்டுமன்றி, பல நூறு வீடுகளின் இணைகளைச் சேர்த்து விலைக் குறியீட்டெண் காண்பதே அதன் உயிர்நிலை. இடையில் மாடி எழுப்பிய வீட்டைச் சேர்த்தல் கூடாது. அது பழைய வீடன்று. நம் நாட்டில் தேசிய வீட்டு வசதி வங்கி 2007 முதல் 'ரெசிடெக்ஸ்' என்னும் குறியீட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. அது வேறு முறையில் கணிக்கப்படுவதாயினும் பயன்படுத்தும் வகை ஒன்றே. விற்ற நாளின் எண் 100, இன்றைய எண் 130 எனக் கொண்டால், பழைய விலையை 1.3-ஆல் பெருக்க வேண்டும். எனினும் அது நகருக்குப் பொதுவான எண். மயிலாப்பூரும் திருவேற்காடும் ஒரே நடையில் நடப்பதில்லை. திருவேற்காட்டிலேயே கூவத்தை ஒட்டி வெள்ளம் புகும் தெருவும் மேட்டுத் தெருவும் ஒரே விலை பெறா.

ஆதலின் குறியீட்டெண்ணோடு நில்லாமல், அதே தெருவில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விலையை நேரில் விசாரித்தோம். மனைக்கு ஒரு விலையும், கட்டடத்துக்கு அதன் வயதுக்கேற்பக் கழித்து ஒரு விலையும் பிரித்துக் கண்டோம். மனை ஏறும், கட்டடம் தேயும் என்பதை மறத்தலாகாது. இவ்வாறு ஒப்பிட்டதில் 56 முதல் 62 இலட்சம் வரை வந்தது. மதிப்பீடு என்பது ஓர் எண்ணன்று; ஓர் எல்லை. இருவரும் 58 இலட்சத்துக்கு இசைந்தனர்.

தமக்கையின் பங்கு 14 இலட்சமன்று, 29 இலட்சம் என்றதும் தம்பி சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. அத்துணைத் தொகை அவரிடம் இல்லை. பிறகு, "தெரியாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றார். தமக்கையோ, பாதியை இப்போதும் மீதியை நான்கு ஆண்டுத் தவணையிலும் பெற ஒப்பினார். வீடும் நிலைத்தது, உறவும் நிலைத்தது.

உறுப்பினர்கள் இதனின்று அறியத்தக்கவை சில. வாங்கும்போது உண்மை விலையையே பத்திரத்தில் எழுதுங்கள்; குறைத்தெழுதுவது சட்டத்துக்கு மாறானது; அன்றியும், பின்னாளில் விற்கும்போது இலாபம் மிகுந்து காட்டி வரிச்சுமையும் கூடும். பாகம் பிரிக்குமுன் வில்லங்கச் சான்றை இருதரப்பாரும் சேர்ந்து படியுங்கள். பெருந்தொகையாயின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். நூலை எடையிட்டு வாங்கும் நாம், வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பிடுதல் தகுமோ?