நத்தைக்கு ஒரு சல்யூட்!

'ஃபாஸ்ட் ஃபுட்' என்றால் வேகமாகச் சாப்பிடுவது என்று நம்மில் பல பேருக்கு நினைப்பு. அந்த 'ஃபாஸ்ட்' சாப்பிடுகிற உங்களுக்கானது இல்லை ஸார். சமைக்கிற ஆசாமிக்கானது!

ஆதாரம் வேண்டுமா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா பக்கம் சான் பெர்னார்டினோ என்று ஓர் ஊர். அங்கே மெக்டொனால்ட் சகோதரர்கள் இரண்டு பேர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948-ல் இழுத்து மூடினார்கள். மெனுவில் பாதிக்கு மேல் 'கட்'. காருக்கே தட்டு ஏந்திப் போன பணிப்பெண்களுக்கு, 'போயிட்டு வாம்மா'. கார் ஃபாக்டரி மாதிரி, ஆளுக்கொரு வேலை என்று கிச்சனைப் பிரித்தார்கள். மறுபடி திறந்தபோது ஹாம்பர்கர் ஒன்று வெறும் 15 சென்ட்!

நான் பி.காம். படித்தவன். சம்பளச் செலவு கம்மி, டர்ன் ஓவர் ஜாஸ்தி என்கிற அந்தக் கணக்குக்கு எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால், 'நீங்களும் மெஷின் வேகத்தில் முழுங்குங்கள்' என்று அவர்கள் போர்டு மாட்டவில்லையே? அதை நாமாகவே பழகிக்கொண்டோம்!

1986-ல் ரோம் நகரத்தில், புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தது. கிளம்பியது எதிர்ப்பு. கார்லோ பெத்ரினி என்ற பத்திரிகைக்காரரும் அவர் கூட்டாளிகளும் கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. கிண்ணம் கிண்ணமாகப் பாஸ்தாவை விநியோகித்தார்கள்! நமக்குத் தெரிந்ததெல்லாம் உண்ணாவிரதம். இதுவோ 'உண்ணும்' விரதம்!

கடை மூடவில்லை, வியாபாரமும் நின்றுவிடவில்லை. ஆனால், 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் பிறந்தது. 1989-ல் பாரீஸில் 15 நாட்டுப் பிரதிநிதிகள் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள். சின்னம், நத்தை! 1999-ல் இத்தாலியில் சில ஊர்களே சேர்ந்து, 'நாங்கள் நிதான ஊர்கள்' என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டன.

சரி, நிதானத்தில் என்ன லாபம்? வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர சுமார் 20 நிமிஷம் ஆகும் என்கிறார்கள் டாக்டர்கள். ஏழே நிமிஷத்தில் டிபன் பாக்ஸை காலி பண்ணினால், தபால் போய்ச் சேருவதற்குள் ஓவர்டிராஃப்ட் ஆகிவிடும்! மிச்சம் பிடித்த 13 நிமிஷத்தையாவது உருப்படியாகச் செலவு செய்கிறோமா? செல்போனைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறோம்!

இதில் பெரிய நஷ்டம் நமக்கு இல்லை, வீட்டுப் பொடிசுகளுக்கு. 'மென்னு தின்னுடா' என்று அதட்டுகிற அப்பா, நின்றுகொண்டே மூணு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு ஓடுவதை அது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? குழந்தைகள் காதால் படிப்பதில்லை ஸார், கண்ணால்!

அதனால், படம் போட்ட பாப்பா புத்தகத்துக்கு என் கைவரிசையில் ஒரு பாட்டு:

பன்னுக்குள்ளே வடையை வெச்சார் பட்டணத்து மாமா,
பறந்து பறந்து முழுங்கிப்புட்டு விக்கலாமா மாமா?
நத்தை ஒண்ணு கேட்டுது பார், 'நாக்குக்குத் தெரியாம
நாலு நிமிஷம் மிச்சம் பண்ணி என்ன பண்ணே மாமா?'

இன்று ராத்திரி பொடிசைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ரசத்தில் மிளகு போட்டிருப்பது அன்றைக்குத்தான் தெரிய வரும்!