படிக்கட்டும் பண்டமும்: வன்னிக் கடைத்தெருவும் அனைவர்க்குமான வடிவமைப்பும்

கட்டடம் என்பது வெறும் கல்லும் சீமெந்தும் அன்று. அதனைத் தோற்றுவித்த சமுதாய உறவுகளின் பருப்பொருள் வடிவமுமாகும். எவர் உள்ளே வருவார், எவர் வெளியே நிற்பார் என்பதை அதன் வாசல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது. இந்நிலைநின்று, போருக்குப் பின் வன்னிப் பெருநிலப்பரப்பில் எழுந்த வணிக நிலையங்களை நோக்க விழைகின்றோம்.

‘அனைவர்க்குமான வடிவமைப்பு’ என்னும் கருத்தாக்கத்தை வழக்குக்குக் கொண்டுவந்தவர், சக்கர நாற்காலி பாவித்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ். அவரையும் உள்ளடக்கிய குழுவொன்று 1997இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதன் ஏழு கோட்பாடுகளை வகுத்தது. ‘சாதாரண மனிதனுக்கு’ எனக் கட்டிவிட்டு, ஏனையோருக்குப் பின்புறத்தில் ஒரு சாய்தளத்தை ஒட்டுவதன்று இது. முதியவர், கர்ப்பிணி, மூட்டை சுமப்பவர், காலிழந்தவர் யாவரும் ஒரே வாசலால் நுழையுமாறு தொடக்கத்திலேயே திட்டமிடுவதாகும்.

இலங்கையில் இதற்குச் சட்ட அடிப்படை உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளை ஏற்றது. 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகுவசதியைக் கட்டாயமாக்கின. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமையவேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் அரசு ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றுறுதி செய்தது.

இவ்வாண்டுகள் வன்னியைப் பொறுத்தவரை தனி முக்கியத்துவம் உடையன. போர் முடிந்த 2009இல் கிளிநொச்சியும் புதுக்குடியிருப்பும் இடிபாடுகளாகக் கிடந்தன. ஆகவே இன்று கண்டி வீதியோரம் காணப்படும் கடைப்படிகளிற் பல, பழைமை விட்டுச்சென்ற எச்சங்கள் அல்ல. சட்டம் வந்தபின் வார்க்கப்பட்டவை. எறிகணையும் கண்ணிவெடியும் அவயவங்களைப் பறித்த மக்கள் நடுவே அவை வார்க்கப்பட்டன என்பதே அவதானிக்கத்தக்கது.

மாரி வெள்ளத்துக்கு அஞ்சிக் கடைத்தளத்தை உயர்த்துவது நியாயமே. ஆயின் பரவலாக ஏற்கப்பட்ட 1:12 என்ற சரிவின்படி, 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 5.4 மீற்றர் நீளமான சாய்தளம் வேண்டும். வீதியோர நிலத்தின் ஒவ்வோர் அடியும் வாடகையாக மாறுமிடத்து, அந்த 5.4 மீற்றர் ‘வீண்நிலம்’ எனக் கணிக்கப்படுகின்றது. பயன்பெறுமதியைப் பரிவர்த்தனைப் பெறுமதி விழுங்குவதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை. கொழும்பின் பேரங்காடித் தொகுதிகளில் மின்தூக்கியும் அகன்ற வாசலும் உண்டெனில், அவையும் பெரும்பாலும் வாங்கும் சக்தியின் துணைவிளைவுகளே.

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை செயற்கைக் கால்களை வழங்கிவந்துள்ளன. அக்காலுடன் வருபவரைக் கைப்பிடியற்ற படி தடுத்துவிடுகின்றது. கால் கொடுத்தவர் கருணையாளர் எனப் போற்றப்படுகின்றார். படி கட்டியவரோ கேள்விக்குள்ளாவதில்லை. உரிமை தருமமாகச் சுருங்கும் இடம் இதுவேயாகும்.

காணியும் கூலியும் தீராதபோது இது நடுத்தர வர்க்க ஆடம்பரமல்லவா என முற்போக்காளர் சிலர் வினவலாம். சந்தை நுகர்வோரின் இடம் மட்டுமன்று, விற்போரின் இடமுமாகும். தைத்த துணியையோ வீட்டுத்தோட்ட மரக்கறியையோ கொண்டுவருபவர் சந்தைக்குள் நுழைய முடியாதெனில், மறுக்கப்படுவது அவரது உழைப்பின் பலனே. எனவே இது கூலிப் பிரச்சினையின் இன்னொரு முகமாகும்.

கரைச்சி முதலிய பிரதேச சபைகள் கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும்போதும், கட்டிமுடிந்தபின் இணக்கச் சான்றிதழ் வழங்கும்போதும் இவ்விதிகளை நிபந்தனையாக்குதல் வேண்டும். அப்பரிசோதனையில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் பங்குகொள்ளல் வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றப் படியேறித்தான் கடைப்படியை அகற்றவேண்டுமெனில், வறியவர்க்கு அச்சட்டம் ஏட்டளவினதே.