சிறுநீர்த்தொற்று ஈ. கோலை

சிறுநீர்த்தொற்று ஈ. கோலை என்பது மனிதரின் சிறுநீர்ப்பையிலும் சிறுநீரகத்திலும் நோய்த்தொற்றை உண்டாக்கும் எசரிக்கியா கோலை பாக்டீரியத்தின் திரிபுகளைக் குறிக்கும். வேறு சிக்கல்கள் இல்லாதவர்களுக்கு ஏற்படும் சிறுநீர்த்தொற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவற்றாலேயே ஏற்படுகின்றது. எசரிக்கியா கோலையைத் தியோடோர் எஷெரிக் என்னும் மருத்துவர் 1885 ஆம் ஆண்டில் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்தார்.

இருப்பிடமும் பரவலும்

இத்திரிபுகள் பெருங்குடலில் தீங்கின்றி வாழ்கின்றன. மலவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்வழியை அடைந்து, அதன் ஊடாக மேலேறிச் சிறுநீர்ப்பையைச் சேர்கின்றன. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமும், ஆண்களுடையது ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் கொண்டவை. பெண்களுக்கு இத்தொற்று மிகுதியாக ஏற்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

குடல் பாக்டீரியாக்களுள் ஈ. கோலை மிகச் சிறிய பங்கே ஆகும். எண்ணிக்கையில் மிகுந்தவை ஆக்சிசன் இன்றி வாழ்பவை; அவை அரிதாகவே சிறுநீர்த்தொற்றை உண்டாக்குகின்றன. எனவே தொற்றைத் தீர்மானிப்பது எண்ணிக்கை அன்று. சிறுநீர்ப்பையில் நிலைத்து வாழும் திறனே ஆகும்.

ஒட்டும் திறன்

சிறுநீர் வெளியேறும் ஒவ்வொரு முறையும் பாக்டீரியாக்களையும் அடித்துச் செல்கின்றது. இதிலிருந்து தப்ப, ஈ. கோலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிழைகள் உதவுகின்றன.

முதல் வகை நுண்ணிழை: இதன் நுனியில் உள்ள புரதம், சிறுநீர்ப்பை உயிரணுக்களின் மேலுள்ள மானோசு என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றது.

பி வகை நுண்ணிழை: இது சிறுநீரக உயிரணுக்களில் ஒட்டுகின்றது. சிறுநீரக அழற்சியை உண்டாக்கும் திரிபுகளில் இது மிகுதியாகக் காணப்படுகின்றது.

பிற இயல்புகள்

சிறுநீரில் பாக்டீரியா பயன்படுத்தக்கூடிய இரும்பு மிகக் குறைவு. இத்திரிபுகள் இரும்பைக் கவரும் சிறு மூலக்கூறுகளைச் சுரந்து அதனைப் பெறுகின்றன. சில திரிபுகள் உயிரணுக்களைச் சிதைக்கும் நச்சையும் சுரக்கின்றன. மேலும், இவை சிறுநீர்ப்பை உயிரணுக்களின் உள்ளே புகுந்து பெருகவல்லவை. அங்கு நோயெதிர்ப்பு உயிரணுக்களும் பல மருந்துகளும் எளிதில் எட்டுவதில்லை. சிலருக்குத் தொற்று மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

பிற பாக்டீரியாக்கள்

புரோட்டியசு மிராபிலிசு, யூரியேசு நொதியால் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகின்றது. இதனால் சிறுநீரின் காரத்தன்மை கூடிக் கற்கள் உருவாகலாம். இடாபிலோகாக்கசு சாப்ரோபிட்டிக்கசு பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்குகின்றது. சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களிடம், குழாயின் மேற்பரப்பில் படலமாகப் படியும் கிளெப்சியெல்லா, சூடோமோனாசு போன்றவையும் தொற்றை உண்டாக்குகின்றன.

மருத்துவ முக்கியத்துவம்

தொற்று சிறுநீரகத்தை அடைந்தால் குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை தோன்றலாம். அங்கிருந்து அது குருதியிலும் கலந்து உயிருக்கு இடர் விளைவிக்கக்கூடும். மருந்துகளை எதிர்க்கும் திரிபுகள் பெருகியுள்ளதால், முன்பு பயன்பட்ட மருந்து மறுமுறையும் பயன்படும் என்று கொள்ள இயலாது. மீண்டும் மீண்டும் தொற்று ஏற்படுவோருக்கும், சிறுநீரகத் தொற்று உள்ளோருக்கும் சிறுநீர் வளர்ப்புச் சோதனையின் மூலம் பாக்டீரியத்தின் வகையும், அதற்கேற்ற நுண்ணுயிர் எதிர்ப்பியும் கண்டறியப்படுகின்றன.