தமக்காகத் தாமே

"தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. ஒருவரின் சிரமத்தை அதை அனுபவிப்பவரே நன்கு அறிவார். அப்படியானால், உடற்குறையுள்ளோருக்கான அமைப்புகளை வழிநடத்தும் பொறுப்பும் அவர்களிடம் இருக்க வேண்டாமா? இக்கேள்விக்கு உலகம் விடை தேடிய வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு.

1980ஆம் ஆண்டு, கனடாவின் வின்னிபெக் நகரில் அனைத்துலக மறுவாழ்வு அமைப்பின் மாநாடு நடைபெற்றது. முடிவெடுக்கும் பொறுப்புகளில் பாதியை உடற்குறையுள்ளோருக்கு அளிக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கு நிராகரிக்கப்பட்டது. ஆகவே, வந்திருந்த உடற்குறையுள்ளோர் தங்களுக்கெனத் தனி அமைப்பு ஒன்றைத் தொடங்க முடிவுசெய்தனர். அதன் முதல் உலக மாநாடு 1981ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் நடைபெற்றது. பார்வையிழந்த சிங்கப்பூரரான ரோன் சந்திரன் டட்லி அதன் முதல் தலைவரானார். 1986இல் சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் சங்கம் உருவானபோதும் அவரே முதல் தலைவர்.

மதியிறுக்கம் உள்ளவர்களிடையே இத்தகைய முயற்சி சற்றுப் பிந்தியே தொடங்கியது. மதியிறுக்கம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. அது ஒருவர் பிறருடன் பழகும் முறையையும், ஒளி, ஒலி, மணம் ஆகியவற்றை உணரும் முறையையும் மாற்றுகிறது. தீபாவளிக் காலத்துச் சிராங்கூன் சாலையை எண்ணிப் பாருங்கள். வண்ண விளக்குகளும் பாடல்களும் மக்கள் கூட்டமும் பலருக்கு மகிழ்ச்சி தரும். மதியிறுக்கம் உள்ள ஒருவருக்கோ அவை எல்லாம் ஒரே நேரத்தில் தாக்குவதுபோல் இருக்கலாம். அவர் காதுகளைப் பொத்திக்கொண்டால், பார்ப்பவர்கள் அதை அடம் என்று தவறாக எண்ணக்கூடும்.

நீண்ட காலமாகப் பெற்றோரும் வல்லுநர்களுமே இவர்களுக்காகப் பேசிவந்தனர். 1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்கிளேரும் வேறு சிலரும் மதியிறுக்கம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். அவ்வமைப்பின் முகாம்களில் வண்ண அட்டைகள் பயன்படுத்தப்பட்டன. பச்சை அட்டை அணிந்தவரிடம் எவரும் பேசலாம். மஞ்சள் அட்டை அணிந்தவரிடம் அறிமுகமானவர்கள் மட்டும் பேசலாம். சிவப்பு அட்டை அணிந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிறருக்கு எளிதில் தோன்றாத இந்த வழி, தேவையை உணர்ந்தவர்கள் பொறுப்பில் இருந்ததால் பிறந்தது.

எனினும், தலைமைப் பொறுப்புக்கு வர முனைவோர் எதிர்ப்பையும் சந்திக்கின்றனர். 2009இல் அமெரிக்காவின் தேசிய உடற்குறையுள்ளோர் மன்றத்திற்கு ஆரி நேமன் முன்மொழியப்பட்டார். அவர் மதியிறுக்கம் உள்ள இளையர். "நன்றாகப் பேசக்கூடிய இவர், பேச இயலாதவர்களின் நிலையை எப்படி அறிவார்?" என்று சிலர் ஐயம் எழுப்பினர். அன்றாடம் துணை தேவைப்படும் பிள்ளைகளைப் பராமரிக்கும் பெற்றோருக்கு அது நியாயமான கவலையே. எந்தத் தலைவரும் தம் அனுபவத்தை மட்டும் வைத்து எல்லாருக்காகவும் பேச இயலாது. எழுத்து, படம், சைகை என எவ்வழியில் கருத்து வந்தாலும் அதைக் கேட்டறிவது அவர் கடமை. ஆயினும், ஒருவரால் பேச முடிகிறது என்பதே அவரை விலக்கக் காரணம் ஆகாது. 2010இல் அவரது நியமனம் உறுதியானது.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்பாட்டைச் சிங்கப்பூர் 2013இல் ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளை எடுக்கும்போது அவர்களுடைய அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அவ்வுடன்பாடு கூறுகிறது.

இக்கருத்து பள்ளிக்கும் பொருந்தும். இணைப்பாட நடவடிக்கையின் தலைவர் பொறுப்புக்கு மதியிறுக்கம் உள்ள மாணவர் ஒருவர் முன்வரலாம். அவர் பிறர் கண்களைப் பார்த்துப் பேசாமல் இருக்கலாம். அதனால் அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று கருதிவிடக் கூடாது. கேள்விகளை முன்கூட்டியே தந்து, எழுத்தில் பதிலளிக்கவும் இடம் தரலாம். அப்போது அவர் பேசும் விதத்தை அல்ல, அவர் செய்ய விரும்பும் பணியை வைத்து மாணவர்கள் வாக்களிக்க முடியும்.