மில்லில் கழித்த வாக்கி டாக்கி ஹாம் ரேடியோவுக்கு ஆகுமா?

இந்த எபிசோடுல பேசினதை, படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி இங்கே கொடுத்திருக்கோம்.

ஹாம் ரேடியோ பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் அருப்புக்கோட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணே, ஒரு மில்லுல செக்யூரிட்டிக்கு வெச்சிருந்த மோட்டரோலா செட்டு ரெண்டு விலைக்கு வருது. ஒண்ணை வீட்டு மாடியில வெச்சுட்டு, இன்னொண்ணை திருச்சுழி பக்கம் தோட்டத்துல அப்பாகிட்ட குடுத்தா பேசிக்கலாமா?"

ஒரே கேள்விதான், ஆனா உள்ளே நாலு கேள்வி இருக்கு. சட்டப்படி வாங்கலாமா? அந்த செட்டு நம்ம பேண்டுக்கு வருமா? சேனலை மாத்த முடியுமா? அவ்வளவு தூரம் எட்டுமா? விலை நியாயமாங்கிறது அஞ்சாவது கேள்விதான். நிறைய பேர் அதைத்தான் முதல்ல கேட்கிறாங்க, அங்கதான் காசு போகுது. சில சமயம் காசோட நிக்காம போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகுது.

ஏன் பழைய செட்டு மேல இவ்வளவு ஆசை?

கம்பெனிகளுக்குன்னு தயாராகுற மோட்டரோலா, கென்வுட், ஐகாம் செட்டெல்லாம் தினமும் 8 மணி நேரம், 12 மணி நேரம் அடி வாங்குறதுக்காகவே செஞ்சது. கீழே விழும், தூசி படும், வெயில்ல காயும். அதையெல்லாம் தாங்கும். ரிசீவரும் நல்ல ரிசீவர். பக்கத்து அலைவரிசையில யாராவது கத்தினாலும் உங்களுக்கு வேண்டிய குரலைப் பிரிச்சுக் குடுக்கும்.

ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற சைனா செட்டுல பெரும்பாலும் மொத்த ரேடியோவும் ஒரே சிப்புக்குள்ள இருக்கும். வடிகட்டி குறைவு. மதுரையிலயோ சென்னையிலயோ நாலு டவர் நடுவுல ஒரு மொட்டை மாடியில நின்னா, பலமான சிக்னல்ல அது திணறிப் போகும். திருச்சுழி பக்கம் கரிசல் காட்டு நடுவுல நின்னா அந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது, அதையும் சொல்லிடணும். ஆனா உறுதியும் ஆயுளும் எங்கேயும் வித்தியாசம்தான்.

இதுல ஆசையைத் தாண்டி ஒரு காரணமும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல பக்கத்து தூத்துக்குடி மாவட்டத்துல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில்ல சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. பல இடத்துல கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. டவர் செத்துப் போன பிறகும் ரெண்டு ரேடியோ நேருக்கு நேர் பேசும், நடுவுல யாரும் தேவையில்லை. வானம் பார்த்த பூமின்னு நாம சொல்ற ஊருக்கும் ஒரு நாள் இது தேவைப்படலாம்.

முதல் கேள்வி: காகிதம்

இந்தியாவுல வயர்லெஸ் செட்டுல பேசுறதுக்கு மட்டுமில்லை, அதை வெச்சிருக்கிறதுக்கே அனுமதி வேணும். 1933-ம் வருஷ வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டமும் அதைத்தான் சொல்லுது, 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. "சும்மா அலமாரியில வெச்சிருக்கேன், பேசலையே"ங்கிறது பதில் ஆகாது.

2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அலைவரிசை விவரமும் லைசென்ஸ் விவரமும் போடாம வாக்கி டாக்கி விக்கிறாங்கன்னு 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் விட்டுச்சு. அதுக்கப்புறம் தனி வழிகாட்டு விதிகளும் வந்துச்சு. ஆன்லைன்ல ஒரு பொருள் கிடைக்குதுங்கிறதால அது சட்டப்படி சரின்னு அர்த்தம் இல்லை.

அதனால வரிசை இதுதான்: முதல்ல ஹாம் லைசென்ஸ், அப்புறம்தான் செட்டு. தொலைத்தொடர்புத் துறையில டபிள்யூபிசின்னு ஒரு பிரிவு இருக்கு. அங்கதான் தேர்வும் லைசென்ஸும். சரல் சஞ்சார் போர்ட்டல்ல விண்ணப்பிக்கணும். 12 வயசு ஆனா போதும், இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு இல்லை. ரெண்டு கிரேடு இருக்கு. ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் கோடு தெரியணும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், முதல் செட்டு வாங்க அதுவே போதும். உங்க கிரேடுக்கு எத்தனை வாட் வரை அனுமதின்னு பார்த்துட்டு அதுக்கு ஏத்த செட்டை மட்டும் தேடுங்க.

விக்கிறவர் யாருங்கிறதும் முக்கியம். ஒண்ணு, டீலர் பொசஷன் லைசென்ஸ் இருக்கிற கடையா இருக்கணும். இல்லைன்னா, லைசென்ஸ் இருக்கிற இன்னொரு ஹாமா இருக்கணும். மில்லு, ஹோட்டல், கட்டுமான கம்பெனி கழிச்ச செட்டுன்னா அது அந்த கம்பெனி லைசென்ஸ்ல இருந்த செட்டு. செட்டோட சீரியல் நம்பர் எழுதின பில், அவங்க கணக்குல இருந்து அது முறையா வெளியே வந்ததுக்கான காகிதம், ரெண்டும் கேளுங்க. ஸ்கிராப்ல எடை போட்டு வந்த செட்டுக்கு இது எதுவும் இருக்காது. அதை விட்டுடுங்க.

சரி, தம்பியோட அப்பா விஷயம். தம்பிக்கு லைசென்ஸ் இருந்தாலும் அப்பாவுக்கும் இருந்தாத்தான் ரெண்டு பேரும் ஹாம் பேண்டுல பேச முடியும். ஹாம் லைசென்ஸ் ஆளுக்குக் குடுக்கிறது, வீட்டுக்குக் குடுக்கிறது இல்லை. அது மட்டுமில்லை, வியாபாரப் பேச்சும் கூடாது. "பூ மூட்டையை மார்க்கெட்டுக்கு ஏத்திட்டேன், என்ன விலை போகுது"ன்னு ஹாம் பேண்டுல பேசினா அது விதிமீறல். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பேசணும்னா, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லாத குறைந்த பவர் செட்டுகள் தனியா இருக்கு. வகை அனுமதி வாங்கினதான்னு பார்த்து அதை வாங்கிக்கலாம். அதுக்காக மில்லு செட்டை 446-க்கு மாத்தி வெச்சுக்கிட்டா, அந்த விலக்கு அதுக்குப் பொருந்தாது.

ரெண்டாவது கேள்வி: பேண்ட்

நிறைய பேர் ஏமாறுற இடம் இது. ஒரே மாடல் பேருல கம்பெனி நாலஞ்சு வகை தயாரிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசை எல்லைக்குள்ளதான் வேலை செய்யும். அந்த எல்லைக்குத்தான் ஸ்பிளிட்னு பேர். வெளியே பார்த்தா எல்லாமே ஒரே கறுப்பு டப்பா.

இந்தியாவுல ஹாம்களுக்கு 2 மீட்டர் பேண்டுல 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டர் பேண்டுல 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுல 144 முதல் 148, அப்புறம் 420 முதல் 450. நீங்க பார்க்கிற யூடியூப் வீடியோ முக்கால்வாசி அமெரிக்காக்காரர் போட்டது.

மோட்டரோலா ஜிஎம் 300-னு வண்டியில மாட்டுற பழைய செட்டு ஒண்ணு இருக்கு, இரும்பு மாதிரி. அதுல ஒரு வகை 136 முதல் 162 வரை, இன்னொரு வகை 146 முதல் 174 வரை. அமெரிக்க ஹாமுக்கு ரெண்டாவது வகையும் ஓரளவு ஆகும், 146-க்கு மேல அவருக்கு இன்னும் 2 மெகாஹெர்ட்ஸ் இருக்கு. நமக்கு 146-லயே பேண்ட் முடிஞ்சுடுது. அவருக்கு நல்ல செட்டு, நமக்கு பேப்பர் வெயிட். கீழே இழுத்து டியூன் பண்ணலாம்னு சொல்றவங்க உண்டு. கையில அளவுக் கருவி இல்லாத புதுசுக்கு அந்த வேலை வேண்டாம்.

யுஹெச்எஃப்லயும் அதே கதை. 403 முதல் 470 வரைன்னா நமக்கு ஆகும். 450-ல ஆரம்பிக்கிற வகைன்னா 438-க்கு வராது. விஹெச்எஃப்ல 136 முதல் 174 வரை முழுசா எடுக்கிற ஜிபி 328, ஜிஎம் 338 மாதிரி செட்டுன்னா கவலை இல்லை, ஆனா அதே பேருல யுஹெச்எஃப் வகையும் இருக்கு. பேரைப் பார்க்காதீங்க, பின்னாடி லேபிள்ல இருக்கிற முழு மாடல் நம்பரைப் பாருங்க. டெட்ராங்கிற டிஜிட்டல் செட்டு மலிவா வந்தா தொடவே வேண்டாம், அது நம்ம சாதாரண எஃப்எம் பேச்சுக்கு வராது. டிஎம்ஆர் செட்டுன்னா பெரும்பாலும் அனலாக் எஃப்எம்மும் பேசும். ஆனா அதுல இருக்கிற குரல் மறைப்பு வசதியை ஹாம் பேண்டுல போடக் கூடாது, ரகசியக் குறியீட்டுல பேச நமக்கு அனுமதி இல்லை.

மூணாவது கேள்வி: புரோகிராமிங்

ஹாம்களுக்குன்னு வர்ற செட்டுல நம்பரைத் தட்டினா அலைவரிசை மாறும். கம்பெனி செட்டுல அப்படி இல்லை. காவலாளி தெரியாம எதையும் மாத்திடக் கூடாதுன்னே பூட்டி வெச்சிருப்பாங்க. சேனல் 1, சேனல் 2, அவ்வளவுதான். அலைவரிசையெல்லாம் உள்ளே கோட்பிளக்னு ஒரு ஃபைல்ல இருக்கும். நம்ம மொழியில சொன்னா கான்ஃபிக் ஃபைல். அதை மாத்த அந்த மாடலுக்கான கேபிளும் வேணும், அந்த மாடலுக்கான சாஃப்ட்வேரும் வேணும்.

ஜிஎம் 300 சாஃப்ட்வேர் டாஸ் காலத்துது. உங்க புது லேப்டாப்புல அது ஓடாது. பழைய மெதுவான கம்ப்யூட்டரும் நிஜமான சீரியல் போர்ட்டும் தேடிப் போகணும். அதுக்கு அப்புறம் வந்த மாடல்களுக்கு விண்டோஸ் சாஃப்ட்வேர் இருக்கு. கென்வுட் டிகே வரிசையில சில மாடல்களை சிர்ப்ங்கிற இலவச சாஃப்ட்வேரே படிச்சுடும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. எதுவா இருந்தாலும் எழுதுறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிறதைப் படிச்சு ஒரு பேக்கப் எடுங்க. பாஸ்வேர்டு கேட்டு முரண்டு பிடிச்சா, அதைக் கடையிலேயே கண்டுபிடிச்சுட்டு செட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். செட்டு கைக்கு வரும்போது உள்ளே பழைய கம்பெனியோட அலைவரிசை அப்படியே இருக்கும். "வேலை செய்யுதா பார்ப்போம்"னு பேசுற பட்டனை அழுத்தினா, வேற யாருக்கோ ஒதுக்கின அலைவரிசையில நீங்க புகுந்துட்டீங்க. டெஸ்ட் பண்ணணும்னா ஆன்டெனா இடத்துல 50 ஓம் டம்மி லோடு மாட்டி, பவர் மீட்டர் வெச்சுப் பாருங்க. எதுவும் மாட்டாம பட்டனை அழுத்தினா பவர் டிரான்சிஸ்டரே போயிடலாம். வாங்கின பிறகு முதல் வேலை, பழைய சேனல் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஹாம் சேனல் மட்டும் எழுதுறது.

கையில வெச்சுப் பேசுற செட்டுன்னா பேட்டரி செத்திருக்கும்னே வெச்சுக்கோங்க, புது பேட்டரி விலையைக் கூட்டித்தான் பேரம் பேசணும். வண்டி செட்டுன்னா மைக், பவர் கேபிள் ரெண்டும் கூட வருதா பாருங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் அது தனி.

நாலாவது கேள்வி: தூரம்

விஹெச்எஃப் அலை கிட்டத்தட்ட பார்வை எட்டுற தூரம்தான் போகும். கணக்கு சுலபம்: ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க. கிலோமீட்டர் வரும். தரையில நிக்கிற ஆள் கையில 1.5 மீட்டர் உயரம்னா 5 கிலோமீட்டர். மாடியில 10 மீட்டர் உயரத்துல ஆன்டெனான்னா 13. ரெண்டு பக்கத்தையும் கூட்டணும்.

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி நேர்கோட்டுல சுமார் 11 கிலோமீட்டர். ரெண்டு பேரும் தரையில கை செட்டோட நின்னா 5-ம் 5-ம் 10. எட்டியும் எட்டாமலும் இருக்கும், நடுவுல சீமைக் கருவேலக் காடு இருந்தா அதுவும் இல்லை. ஒருத்தர் மாடி ஆன்டெனா போட்டா 18. நல்லாவே எட்டும். ரெண்டு பேரும் போட்டா 26.

இப்ப வாட் கணக்கைப் பாருங்க. 5 வாட்டுல இருந்து 45 வாட்டுக்குப் போனா 9 மடங்கு, ஆனா எதிர்முனையில சிக்னல் மீட்டர் ஒண்ணரை கட்டம்தான் ஏறும். பார்வை மறைஞ்ச இடத்துல அந்த 45 வாட் உங்க பேட்டரியைத்தான் காலி பண்ணும். மேடு பள்ளம் குறைஞ்ச இந்த ஊர்ல பத்து மீட்டர் இரும்புக் குழாய் குடுக்கிறதை பெரிய செட்டு குடுக்காது. மரங்களுக்கு நடுவே விஹெச்எஃப், யுஹெச்எஃப்பை விட கொஞ்சம் நல்லாவே போகும். கிராமத்துக்கு விஹெச்எஃப் செட்டைத் தேடுங்க.

மாடிக்குப் போற வயரையும் மறந்துடாதீங்க. மெல்லிசான ஆர்ஜி 58 கேபிள் 20 மீட்டர் இழுத்தா 145 மெகாஹெர்ட்ஸ்ல பாதிக்கு மேல பவர் வழியிலேயே போயிடும். தடிமனான ஆர்ஜி 213-ன்னா மூணுல ரெண்டு பங்கு மேலே போய்ச் சேரும். இடிக்கு எர்த் கண்டிப்பா போடணும். கோடையில வெடிச்சுக் கிடக்கிற காஞ்ச மண்ணுல கம்பியை மட்டும் அடிச்சா எர்த் சரியா கிடைக்காது. குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, அப்பப்ப தண்ணி ஊத்துங்க. மேகம் கருத்தா ஆன்டெனா கேபிளைக் கழட்டிடுங்க.

கடைசியா, விலை

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு தாள்ல எழுதுங்க: செட்டு, பேட்டரி அல்லது பவர் சப்ளை, சார்ஜர், புரோகிராமிங் கேபிள், ஆன்டெனா, கேபிள். அந்த மொத்தத்தை வெச்சுத்தான் மலிவா இல்லையான்னு சொல்ல முடியும். லைசென்ஸ், காகிதம், ஸ்பிளிட், புரோகிராமிங், இதுல ஒண்ணு இடிச்சாலும் இலவசமா குடுத்தாக்கூட வாங்காதீங்க. நாலும் சரியா இருந்தா, ஒரு மில்லு வேண்டாம்னு கழிச்ச செட்டு இன்னும் பல வருஷம் உங்களுக்கு உழைக்கும்.

அடுத்த எபிசோடு லைசென்ஸ் தேர்வு பத்தி. என்ன கேட்பாங்க, எப்படிப் படிக்கலாம்னு விவரமா பேசுவோம். அதுவரைக்கும் செட்டு தேடுறதை விட்டுட்டு மாடிக்கு ஒரு குழாய் தேடுங்க.