காசு கொடுத்துப் பாட்டுக் கேட்பதற்கு முன்

போன் சாமான் விற்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கடைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "நானா, ஸ்பொட்டிஃபையா, அப்பிள் மியூசிக்கா, யூடியூப் மியூசிக்கா, எது நல்லம்? மாதாமாதம் காசு கட்டினால் சத்தம் உண்மையிலேயே வித்தியாசமா இருக்குமா?"

சாமான் வாங்குவதற்கு முன் தரம் பார்ப்பது வியாபாரியின் பழக்கம். அரிசி என்றால் கையில் அள்ளிப் பார்ப்போம், துணி என்றால் விரலால் தேய்த்துப் பார்ப்போம். பாட்டுக்கு மட்டும் விளம்பரத்தை நம்பிக் காசு கட்டுகிறோம். ஆகவே இந்த வாரம் இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்டவர்களுக்கு ரெக்கோர்டிங் பார் ஞாபகம் இருக்கும். ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை எழுதி வெற்றுக் கசெட்டுடன் கொடுத்தால் பதிந்து தருவார்கள். நல்ல கசெட் கொடுத்தால் சத்தம் தெளிவாக இருக்கும், மலிவுக் கசெட் என்றால் இரைச்சல். நாம் எழுதிய பாட்டுகள் முடிந்து நாடாவில் இடம் மிஞ்சினால், கடைக்காரர் நமது ரசனையை யோசித்துத் தானாகவே ஒன்றிரண்டு பாட்டைச் சேர்த்து விடுவார். இன்றைய சேவைகளிலும் இதே இரண்டு விஷயங்கள்தான். கசெட்டின் தரம் என்பது ஒலித்தரம். கடைக்காரர் சேர்த்துவிடும் பாட்டு என்பது பரிந்துரை.

ஒலித்தரம்

ஒரு செக்கனுக்கு எவ்வளவு தகவல் போனுக்கு வருகிறது என்பதைக் கிலோபிட் கணக்கில் சொல்வார்கள். சீடி ஒன்றில் ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிட் இருக்கிறது. அதை அப்படியே அனுப்பினால் டேட்டா தாங்காது. ஆகவே காதுக்கு எளிதில் பிடிபடாத பகுதிகளைக் கழித்துவிட்டுச் சுருக்கி அனுப்புகிறார்கள். எவ்வளவு அதிகம் கழிக்கிறார்களோ அவ்வளவு தரம் குறையும்.

ஸ்பொட்டிஃபையில் நான்கு படிகள் உண்டு: 24, 96, 160, 320 கிலோபிட். இதில் 320 காசு கட்டுபவர்களுக்கு மட்டும். யூடியூப் மியூசிக்கில் காசு கட்டினால் ஆகக் கூடியது 256. அப்பிள் மியூசிக்கின் வழமையான தரமும் 256. ஸ்பொட்டிஃபையும் அப்பிளும் சுருக்கும் முறை வேறு வேறு. ஆகவே 320 என்பதை வைத்து 256ஐ மட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டு கம்பனிகளின் பெயின்ற் வாளியை எடையை மட்டும் வைத்து ஒப்பிடுவது மாதிரி அது.

இதற்கு மேல் 'லொஸ்லெஸ்' என்று ஒன்று இருக்கிறது. எதையும் கழிக்காமல், சீடியின் தரத்திலோ அதற்கு மேலோ தருவது. அப்பிள் மியூசிக் 2021 ஜூனில் மேலதிகக் கட்டணம் இல்லாமல் இதைக் கொடுக்கத் தொடங்கியது. ஸ்பொட்டிஃபை 2025 செப்டெம்பரில் காசு கட்டும் வாடிக்கையாளர்களுக்கு நாடு நாடாகக் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்பதை செட்டிங்ஸில் ஒலித்தரம் என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் லொஸ்லெஸ் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். நம்மில் பெரும்பாலானோர் கேட்பது புளூடூத் ஸ்பீக்கரில் அல்லது வயரில்லாத இயர்போனில். புளூடூத்தில் அனுப்பும்போது போன் அந்தப் பாட்டை மறுபடியும் சுருக்குகிறது. சாதாரண ஸ்பீக்கர்களில் உள்ள முறையில் அது ஏறக்குறைய 328 கிலோபிட்டைத் தாண்டாது. ஆயிரம் லீற்றர் தாங்கியில் தண்ணீர் இருந்தாலும் குழாய் அரை அங்குலம் என்றால் வருவது அரை அங்குலம்தான். லொஸ்லெஸ்ஸின் பயன் தெரிய வேண்டுமானால் வயர் போட்ட நல்ல ஹெட்போனோ, நல்ல அம்ப்ளிஃபயரோ வேண்டும்.

பழைய பாட்டுகளின் கதை வேறு. அறுபதுகளில் ஒற்றை மைக்கில் பதிந்த பாட்டில் அன்று பதியாத சத்தத்தை எந்தச் சேவையும் இன்று கொண்டுவராது.

கடையில் ஒரு சோதனை

இதை வெறும் புத்தகக் கணக்காகச் சொல்ல விருப்பமில்லாமல் கடை பூட்டிய பிறகு ஒரு சோதனை செய்தேன். மருமகன் போனை வைத்துக்கொண்டான். நானும் கடைப் பையன்கள் இருவரும் முதுகைத் திருப்பி நின்றோம். ஒரே பாட்டை ஒரே ஸ்பீக்கரில் தரத்தை மாற்றி மாற்றிப் போட்டான். 24 கிலோபிட்டை மூன்று பேரும் உடனே பிடித்தோம், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. 160க்கும் 320க்கும் வித்தியாசம் சொல்லப்போய் மூவரும் பிழை விட்டோம். வீட்டில் வயர் ஹெட்போனில் கேட்டபோது மட்டும் தாளச் சத்தத்தில் கொஞ்சம் துலக்கம் தெரிந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நிபந்தனை: வொலியூம் ஒரே அளவில் இருக்க வேண்டும். சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலே காது அதை 'நல்ல தரம்' என்று ஏமாந்துவிடும். ஒரு சேவை மற்றதைவிட நல்லது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேட்டாக் கணக்கு

320 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 144 மெகாபைட் போகும். 160 என்றால் 72. 96 என்றால் 43. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் கேட்பவருக்கு மாதத்தில் 320இல் ஏறக்குறைய 13 ஜிகாபைட், 96இல் 4 ஜிகாபைட்டுக்கும் குறைவு. லொஸ்லெஸ் என்றால் இது பல மடங்காகும். கொழும்புக்கு லொறியில் போய்வரும் நம் ஆட்களுக்கு இது சின்னக் கணக்கல்ல. காசு கட்டிய கணக்கு என்றால் இரவில் வீட்டு வைஃபையில் பாட்டுகளை இறக்கி வைத்துவிட்டுப் பயணத்தில் டேட்டா இல்லாமலே கேட்கலாம். மாதக் கட்டணத்தில் உள்ள உண்மையான இலாபம் பலருக்கு இதுதான்.

பரிந்துரை

இனி மற்ற விஷயம். ரெக்கோர்டிங் பார் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரியும். இந்தச் சேவைகளுக்குத் தெரிவது உங்கள் விரல்தான். எந்தப் பாட்டை முழுதாகக் கேட்டீர்கள், எதைத் தட்டித் தள்ளினீர்கள், எதைச் சேமித்தீர்கள் என்பதை எல்லாம் குறித்து வைக்கும். பிறகு உங்களைப் போலக் கேட்கும் மற்றவர்களைத் தேடி, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காத பாட்டை உங்களுக்கு நீட்டும். 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்ற வியாபாரக் கணக்குத்தான்.

ஸ்பொட்டிஃபை இந்த வேலைக்காகவே 2014இல் எக்கோ நெஸ்ட் என்ற கம்பனியை வாங்கியது. 2015 முதல் திங்கட்கிழமை தோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு புதுப் பட்டியல் கொடுத்து வருகிறது. புதுப் பாட்டுகளைத் தேடித் தருவதில் அதற்கு நல்ல பெயர். அப்பிள் மியூசிக்கில் இயந்திரக் கணக்குடன் ஆட்கள் இருந்து தொகுக்கும் பட்டியல்களும் அதிகம். யூடியூப் மியூசிக் உங்கள் யூடியூப் கணக்கோடு சேர்ந்தது. நீங்கள் யூடியூபில் பார்த்தவை அதன் பரிந்துரையிலும் கலக்கும். பேரப்பிள்ளை உங்கள் போனில் நர்சரிப் பாட்டுப் பார்த்தால் மறுநாள் உங்களுக்கும் நர்சரிப் பாட்டு வரலாம். அப்படியான நேரங்களில் யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி வைக்கலாம். ஸ்பொட்டிஃபையில் 'பிரைவேட் செஷன்' உண்டு. அப்பிளில் கேட்ட வரலாற்றைப் பயன்படுத்தாதே என்று அணைத்து வைக்கலாம்.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு சிக்கல். பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாடகர், இசையமைப்பாளர், படத்தின் பெயர் எல்லாம் ஒரே குவியல். ஆகவே தேடிக் கிடைக்காவிட்டால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ் எழுத்திலும் தேடுங்கள், எழுத்தை மாற்றியும் தேடுங்கள்.

எவரும் ஏற்றாத பாட்டு

பரிந்துரைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எவரும் ஏற்றி வைக்காத பாட்டை எந்த இயந்திரமும் பரிந்துரைக்காது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கசெட்டுகள் வீட்டு அலுமாரியில் இருந்தன. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அந்தக் கசெட்டுகளில் இருந்த நாகூர் ஹனீபாவின் பாட்டுகளை இன்று இந்தச் சேவைகளில் தேடி எடுக்கலாம். ஆனால் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் நம் நாட்டுப் பாடகர்கள் பாடியதை வாப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து பதிந்து வைத்திருந்தார். அவற்றைத் தேடி மூன்று சேவையிலும் அலைந்தேன். ஒன்றே ஒன்று யூடியூபில் அகப்பட்டது. யாரோ ஒருவர் தன் கசெட்டிலிருந்து ஏற்றியிருந்தார். இரைச்சல் அதிகம், நடுவில் நாடா இழுபடும் சத்தமும் இருக்கிறது. ஆனாலும் அன்றிரவு அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

யூடியூப் மியூசிக்கின் பலம் இதுதான். சாதாரண மக்கள் யூடியூபில் ஏற்றிய பழைய பதிவுகளும் அதில் கிடைக்கும். அதோடு உங்கள் சொந்தப் பதிவுகளை ஒரு இலட்சம் வரை அதில் தனியாக ஏற்றி வைக்கலாம், அவை உங்களுக்கு மட்டும் கேட்கும். அப்பிளிலும் இந்த வசதி உண்டு. பழைய கசெட் பிளேயரை ஒரு வயரில் கணினியோடு இணைத்தால், ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். உங்கள் வீட்டில் கசெட் இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள். நாடா வருடா வருடம் நல்லதாகப் போவதில்லை. எல்லோரும் கேட்க ஏற்றுவதானால் மட்டும் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும்.

ஏற்றினாலும் ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணம் என்பது வாடகை, கொள்முதல் அல்ல. 2019இல் இந்தியாவில் ஸ்பொட்டிஃபை தொடங்கிய கையோடு சரிகம கம்பனியின் பழைய பாட்டுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன, 2020இல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பி வந்தன. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடும் அறிவிப்பும் அதே வருடம் வந்தது.

கடையில் போடலாமா?

பல வியாபாரிகளுக்குத் தெரியாத விஷயம் இது. இந்த மூன்று சேவைகளும் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் என்பது அவற்றின் நிபந்தனை. காசு கட்டிய கணக்கு என்றாலும் கடையில் வாடிக்கையாளருக்குக் கேட்கும்படி போடுவது அதற்குள் அடங்காது. பொது இடத்தில் பாட்டை ஒலிபரப்பும் உரிமை படைப்பாளிக்குரியது என்பதை நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் சொல்கிறது. மற்றவன் சரக்கை அனுமதியின்றி எடுத்து நாம் வியாபாரம் செய்வதில்லை, பாட்டும் ஒருவருடைய சரக்குத்தான். கடைக்குப் பாட்டு வேண்டுமென்றால் அதற்குரிய அனுமதியை விசாரித்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தம்பிக்குச் சொன்ன பதில்

புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவருக்குச் சத்தத்தை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யத் தேவையில்லை. நல்ல ஹெட்போன் வைத்து நுணுக்கமாகக் கேட்பவர் அப்பிளைப் பார்க்கலாம், அது சாதாரண அண்ட்ரொய்ட் போனிலும் வேலை செய்யும், ஆனால் இலவசமாகத் தொடர்ந்து கேட்க வழியில்லை. புதுப் பாட்டுத் தேடுபவருக்கு ஸ்பொட்டிஃபை. நம் பழைய பாட்டுகளைத் தேடுபவருக்கு யூடியூப் மியூசிக். காசு கட்டுவதற்கு முன் ஒரு தாளில் உங்களுக்கு வேண்டிய இருபது பாட்டை எழுதுங்கள். எந்தச் சேவையில் அதிகம் கிடைக்கிறதோ அதற்கு ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் நாளுக்கு முன் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வங்கி அட்டையில் சத்தமில்லாமல் கழிந்துகொண்டே இருக்கும்.

தம்பி தாளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்து, இருபதில் பதினேழு கிடைத்தது என்றார். மற்ற மூன்றும் அவருடைய உம்மாவின் கசெட்டில் இருக்கிறதாம். பிளேயர் ஒன்று தேடித் தரச் சொல்லியிருக்கிறார்.