வாஸ்துவில் வைஃபைக்கு எந்த மூலை?

வீடு கட்டுகிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். சமையலறை அக்னி மூலை, பூஜை ரூம் ஈசானியம் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். "வைஃபை பெட்டி எங்கே சார்?" என்றால் மட்டும் முழிப்பார்கள். "அதுவா... கம்பெனிக்காரன் வந்து எங்கேயாவது மாட்டிட்டுப் போவான்!"

மாட்டுவான். வாசல் ஜன்னலுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே! அவனுக்குக் கேபிள் மிச்சம். பாதி சிக்னல் தெருவுக்குப் போகும். மாடியில் இருக்கும் உங்களுக்கு ஒற்றைக் கோடுதான்.

என் தங்கை விஷயத்தில் இது விளையாட்டில்லை. மறைமலைநகர் பக்கம் கீழும் மேலுமாக வீடு கட்டுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ், மாடி ரூமில். லோன் தவணையில் பாதி அவள் சம்பளம். மீட்டிங்கில் பேசும்போது படம் பாதி வாயோடு நின்றுவிட்டால், மேனேஜர் எத்தனை நாள் பொறுப்பார்? அதனால்தான் பூச்சு வேலைக்கு முன்பே, "அண்ணா, நீ வந்து பாரு" என்று இழுத்துப் போனாள். நான் பி.காம்.தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டரை ஸ்க்ரூ கழற்றித் திறந்து பார்த்த ஒரே ஆள்!

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "வைஃபைன்னா ஒயரே இல்லாததுதானே சார்? அதுக்கு எதுக்கு பைப்பு?"

நியாயமான கேள்வி. அங்கேதான் சூட்சுமமும். அந்த அலை காற்றில் ஜோராக ஓடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் இளைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் நொண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை முட்டிமோதிப் போய்ச் சேரும், வேகம் மட்டு. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான். அம்மா சாம்பார் சூடு பண்ணினால் மகன் படம் திக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகக்காரன். ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடுவான். ஸ்டீல் பீரோ இரண்டு பேருக்குமே வில்லன்.

ஆகவே மாடிக்குத் தனிப்பெட்டி. அதற்குக் கீழேயிருந்து ஒயர். காற்றிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பெட்டிகளும் கடையில் உண்டு. தாவும்போது வேகத்தில் கணிசமாகக் கோட்டை விடும். வாடகை வீட்டுக்குச் சரி. சுவரே இன்னும் பூசாதவர்களுக்கு அது எதற்கு?

கீழ்ப்பெட்டிக்கு வீட்டின் நடுதான் உத்தமம். தங்கையின் மாமியார் முறைத்தார். "அது பிரம்மஸ்தானம். காலியா இருக்கணும்!"

"நடுச்சுவர் உச்சியில மாட்டறோம் அத்தை. தரையைத் தொடாது."

ஆலோசித்து, "சரி, ஃபேன் மாதிரிதானே" என்றார். பாஸ்!

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி. வெளியிலிருந்து வரும் ஃபைபர் அங்கே இறங்கும். அங்கிருந்து ஹால் டி.வி., மாடி ரூம், இரண்டு வைஃபை பெட்டி, கேட் கேமரா என்று ஐந்துக்கும் தனித்தனியாக ஓட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடுப்பு கிடையாது. ஒன்று படுத்தால் மற்றது ஓடும். பைப் 25 மில்லிமீட்டர், வளைவுகள் மெதுவாக, உள்ளே ஒரு நைலான் கயிறு. பத்து வருஷம் கழித்துப் புது ஒயர் வந்தால், சுவரை உடைக்காமல் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

"ஃபேன் பைப்புலயே விட்டுடலாமே சார், இடம் இருக்கு!"

இதற்கு மட்டும் மசியாதீர்கள். 230 வோல்ட்டும் நெட் ஒயரும் ஒரே பைப்பில் ஆபத்து, இரைச்சலும் தொற்றும். தள்ளியே போகட்டும். குறுக்கே வந்தால் கூட்டல் குறி மாதிரி வெட்டிக்கொண்டு போகட்டும்.

ஒயர் கேட்-6. 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தரும். அரண்மனை கட்டாதவர்களுக்குத் தாராளம். வைஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் கரன்ட்டும் அதே ஒயரில் அனுப்பலாம். அதற்கு ஏற்ற ஸ்விட்ச் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். கடையில் மட்டும் உஷார்! அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசின சரக்கு மலிவாகக் கிடைக்கிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பல்லிளிக்கும். சுத்தச் செம்பு கேளுங்கள்.

பைப், ஒயர் செலவு மொத்தமும், ஹாலுக்கு மச்சான் பார்த்து வைத்திருந்த தொங்கு விளக்கின் விலையைத் தொடவில்லை. பூசுவதற்கு முன் தங்கை ஒவ்வொரு சுவரிலும் டேப் பிடித்து அளவோடு போட்டோ எடுத்து வைத்தாள். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதில் அவள் மாமனாருக்கு இருக்கும் உற்சாகம் அவளுக்குத்தானே தெரியும்!